பின்னிக்கினு கீறேன்

உலகத்தில் இரண்டு காரியங்களைப் பாதியில் நிறுத்த முடியாது. ஒன்று, பசித்த குழந்தையின் அழுகை. இன்னொன்று, ஊசியில் பாதி ஏறிவிட்ட பின்னல் வரிசை. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் நடந்தால் அந்த வீட்டு ஆண்பிள்ளையின் கதி என்ன என்று சொல்லத் தகுதியானவன் சித்தூர் சுற்றுவட்டாரத்தில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. (இருந்தால் வரச் சொல்லுங்கள், பார்த்துவிடலாம்.)

என்னைப் பற்றி நானே சொல்லக் கூடாதுதான். ஆனால் மற்றவர்கள் சரியாகச் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. சொந்தமாக ஒரு முழம் நிலம் இல்லாத வீடு. லாரியில் கிளீனராகப் போனேன், டிரைவர் ஆனேன், இன்றைக்குச் சித்தூர் பைபாஸில் என் பெயர் எழுதிய லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. கையெழுத்து மட்டும் இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். அந்தக் கிளறலைப் பார்த்தால் பேங்க் மேனேஜர் எழுந்து நிற்கிறார்.

அதே கைதான் ஸ்வெட்டரும் பின்னும்.

டிரைவராக இருந்த காலத்தில் வெல்லம் ஏற்றிக்கொண்டு வடக்கே லூதியானா வரை போவேன். திரும்பி வர லோடு கிடைக்கும் வரைக்கும் அந்தக் குளிரில் காத்துக் கிடக்க வேண்டும். பீடியை விட்ட புதுசு. கை இரண்டும் வேலை கேட்டுப் பரபரக்கும். அங்கே ஒரு கம்பளி மில் வாசலில் காவலுக்கு இருந்த சர்தார், துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பேச்சு புரியாது. அவர் கையைப் பார்த்து என் கை கற்றுக்கொண்டது. ஊசி வாங்கக் கூச்சமாக இருந்ததால் பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பி இரண்டைத் தரையில் தேய்த்து முனை சீவிக்கொண்டேன். ஊர் வந்து சேர்வதற்குள் ஒரு மஃப்ளர் முடிந்திருந்தது.

சித்தூர் வெயிலில் கம்பளி யாருக்கு என்று கேட்பவர்கள் உண்டு. என் டிரைவர்கள் அத்தனை பேரும் நான் பின்னிய ஸ்வெட்டர்தான் போட்டிருக்கிறார்கள். (நான் எதிரில் வரும்போது மட்டும் போடுகிறார்கள் என்று கேள்வி.)

ஆளாகிவிட்டுத்தான் கல்யாணம் என்று வீம்பாக இருந்ததில் வயசு ஓடிவிட்டது. மாப்பிள்ளையாகும்போதே எனக்குக் காதோரம் நரை. ரேணுகா திருப்பதிப் பெண், தெலுங்கு பேசும் வீடு. கோபத்துக்குத் தெலுங்கு, சமாதானத்துக்குத் தமிழ் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பாள். நாற்பத்தாறு வயதில் நான் அப்பன் ஆனேன். பெண் குழந்தை. பெயர் சாருமதி, கூப்பிடுவது பாப்பா.

குழந்தை வந்தால் பின்னல் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரே நேரத்தில் கிளட்சும் கியரும் ஸ்டியரிங்கும் பார்த்தவனுக்கு ஊசியும் குழந்தையும் ஒரு விஷயமா என்று நான் சிரித்தேன். தொட்டில் கயிற்றில் உல்லன் நூலைக் கட்டி, மறுமுனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டேன். கால் ஆட்டும், கை பின்னும். இப்படி ஒரு ஏற்பாட்டை எந்த இன்ஜினியர் கண்டுபிடித்தான், சொல்லுங்கள்.

ஆனால் ஒரு சின்ன வியாதி என்னைப் பிடித்திருந்தது. "இந்த வரிசை முடியட்டும்" என்கிற வியாதி.

"ஏமண்டி, பாப்பா நனைச்சிட்டா, துணி மாத்துங்க."

"இந்த வரிசை முடியட்டும்."

"பால் பொங்குது."

"இந்த வரிசை முடியட்டும்."

வரிசை முடியும்போது பால் அடுப்பை அணைத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கித் தரையில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பின்னினேன். ரேணுகா வந்து குழந்தையைத் தூக்கினாள். குழந்தையோடு மஃப்ளர் எழுந்தது, மஃப்ளரோடு ஊசி எழுந்தது, ஊசியோடு நானும் பாதி எழுந்தேன். பாப்பாவின் அரைஞாண் கயிற்றையும் சேர்த்துப் பின்னியிருந்தேன். (கண்ணி ஒன்றுகூட நழுவவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.)

அன்றைக்கு ரேணுகா பேசிய தெலுங்கில் எனக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. ஊசிகள் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டாள்.

பூட்டியவளுக்கு ஒன்று தெரியாது. என் முதல் ஜோடி, அந்தச் சைக்கிள் கம்பிகள், லாரி டூல் பாக்ஸில் கிடந்தன. "இன்ஜின்ல இன்னாமோ சத்தம் வருது" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போவேன். லாரி கேபினில் உட்கார்ந்து பின்னுவேன். அந்தக் காலத்தில் என் இன்ஜின்களில் நிறையச் சத்தம் வந்தது.

காரணம் இருந்தது. பாப்பாவுக்குத் திருமலையில் முதல் மொட்டை போட நாள் பார்த்திருந்தார்கள். மலை மேலே காற்று குளிரும். மொட்டைத் தலைக்கு என் கையால் பின்னிய குல்லாதான் ஏறும் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தேன். மொட்டைத் தலையில் பூசுகிற சந்தனம் மாதிரியே இருக்கட்டும் என்று சந்தனக் கலர் உல்லனாகத் தேடி வாங்கினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்ட நாட்கள் அவை. அந்தக் கலர்தான் என்னைக் கவிழ்க்கப் போகிறது என்று தெரியவில்லை.

ரேணுகாவுக்கு இன்னொரு வேண்டுதலும் இருந்தது. அலிபிரியில் மலைப்பாதை தொடங்கும் இடத்திலிருந்து முதல் கோபுரம் வரை ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு ஏறுவது. பிறகு இறங்கி வந்து எல்லோரும் காரில் மலைக்குப் போவது. (மலை உச்சி வரைக்கும்தான் முதலில் பேச்சு. என் மாமியாரின் முழங்காலை உத்தேசித்துச் சாமியிடம் பேசிக் குறைத்திருந்தார்கள்.) படிக்கு மஞ்சள் வைக்கிற கையில் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது. கீழே யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ரேணுக்கு ஒரு தங்கச்சி இருந்தா பாப்பாவுக்கு ஒரு பின்னி இருப்பா" என்று மாமியார் பெருமூச்சு விட்டாள். தெலுங்கில் சித்தியைப் பின்னி என்பார்கள். "பின்னி கையில குடுத்துட்டு நிம்மதியா ஏறலாம். ஏம் சேஸ்தாம், பின்னி லேது." என்ன செய்ய, பின்னி இல்லையே என்றாள்.

"நான் இல்ல?" என்றேன்.

மாமியார் என்னைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

ரேணுகா யோசித்தாள். "அன்னிக்கி ஒரு நாளு ஊசிய மறந்துட்டு புள்ளைய ஒழுங்கா வெச்சிக்குங்க. வெச்சிக்கினா பீரோ சாவி உங்களுது. இல்லன்னா மூட்டை உல்லனும் பழைய பேப்பர்காரனுக்கு."

சாவி என்ன, அவள் முகத்தில் "இவர்கிட்ட புள்ளைய குடுக்கலாம்" என்ற ஒரு வெளிச்சத்தைப் பார்க்கவே நான் எதையும் செய்வேன். லட்ச ரூபாய்ச் சரக்கை என்னை நம்பி அனுப்புகிறவன் இருக்கிறான், பெற்ற பிள்ளையை நம்பிக் கொடுக்கப் பெண்டாட்டி யோசிக்கிறாள். எனக்கு ரோஷம்.

மொட்டை நாள் காலையில் அலிபிரி மரத்தடியில் ஒரு ஜமுக்காளத்தை விரித்து என்னையும் பாப்பாவையும் உட்கார வைத்துவிட்டு இரண்டு பேரும் படியேறினார்கள். ரேணுகாவின் அண்ணன் முனிரத்னம் ஏர்பேட்டிலிருந்து வேனில் வந்துகொண்டிருந்தார். தாய்மாமன். அவர் மடியில் வைத்துத்தான் முதல் மொட்டை. நல்ல மனுஷன், ஆனால் மரியாதையில் ஒரு அணு குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். எங்கள் கல்யாணத்தில் இரண்டாம் பந்தியில் உட்கார வைத்ததை இன்னும் ஜீரணிக்கவில்லை.

பாப்பா தூங்கிவிட்டாள். கூழ் பிளாஸ்க் வைத்த பையின் அடியில் என் கை தானாகப் போனது. அங்கேதான் சைக்கிள் கம்பியும் குல்லாவும் ஒளிந்திருந்தன. தலை மூடுகிற பாகம் முக்கால்வாசி ஆகியிருந்தது. இரண்டு காதையும் மூடத் தொங்குகிற பட்டை பாக்கி. மொட்டை இன்றைக்கு, குல்லா நாளைக்கு என்றால் நான் சொன்ன சொல் என்ன ஆவது. பிள்ளைக்காகத்தானே பின்னுகிறேன், இது ஒழுங்கில் சேரும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

பக்கத்தில் திருத்தணிப் பக்கத்து அம்மா ஒருவர், தன் ஜனங்களின் செருப்புக்கும் மூட்டைக்கும் காவலாக உட்கார்ந்திருந்தார். ஆம்பிளை பின்னுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தலை பாகம் முடிந்து, ஒரு காதும் முடிந்து, மறு காதைத் தொடங்கும்போது போன் அடித்தது. ரேணுகாவின் கை முழுக்க மஞ்சள் என்பதால் மாமியார்தான் பேசினாள். பின்னால் கோவிந்தா கோஷம்.

"அல்லுடு, பாப்ப ஏதி?" மருமகனே, பாப்பா எங்கே என்று கேட்டாள்.

அதே நொடியில் திருத்தணி அம்மாவும் வாயைத் திறந்தார். "இன்னா நைனா பண்ணிக்கினு கீற, அத சொல்லேன்."

போன் காதில் இருக்க, நான் அந்த அம்மாவுக்குப் பதில் சொன்னேன். "பின்னிக்கினு கீறேன்மா."

மேலே படியில் என்ன விழுந்தது தெரியுமா. "பின்னிகி இச்சேன்மா." பின்னியிடம் கொடுத்துவிட்டேன் அம்மா.



"ஏ பின்னிகி?" என்றாள் மாமியார். எந்தப் பின்னியிடம் என்று அர்த்தம். என் காதில் "ஏன் பின்னிக்கினு?" என்றுதான் விழுந்தது. மலைப்படியில் நின்றுகொண்டே என் கையில் ஊசியைப் பார்த்துவிட்டாளே, இது மனுஷியா வேறு ஏதாவதா என்று நினைத்தேன். காலில் விழுவது ஒன்றுதான் வழி.

"அத்தே, ரேணுகிட்ட சொல்லாத. தலை முடிஞ்சிப்போச்சி."

"தலையா?"

"சுத்தமா முடிஞ்சிது. ஒரு காதுகூட ஆயிடிச்சி. இன்னொரு காதுதான் பாக்கி."

"முனிரத்னம் வராமலேயா?"

"அவரு எதுக்கு? நானே முடிச்சிடுவேன்."

லைன் போய்விட்டது. டவர் போயிருக்கும் என்று நினைத்து நான் நிம்மதியாக மறு காதைத் தொடர்ந்தேன்.

மேலே போன செய்தி இதுதான். மருமகன் குழந்தையை யாரோ ஒரு பின்னியிடம் கொடுத்துவிட்டான். தாய்மாமன் வருவதற்கு முன்பே மொட்டை முடிந்துவிட்டது. ஒரு காது குத்தியாகிவிட்டது, இன்னொரு காது பாக்கி. தாய்மாமன் எதற்கு என்றும் கேட்டுவிட்டான். மாமியார் இதை மகளிடம் சொன்னாள், சொல்லிக்கொண்டே மகனுக்கும் போன் போட்டாள். ரேணுகா கையிலிருந்த மஞ்சள் கிண்ணத்தைப் பக்கத்தில் படியேறிய யாரோ ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்க ஆரம்பித்தாள்.

கீழே பாப்பா எழுந்துகொண்டாள். எழுந்ததும் நூலைப் பிடித்து இழுத்தாள். கடைசி வரிசை. திருத்தணி அம்மா கையை நீட்டினார். "இப்டி குடு நைனா, நீ முடி." கொடுத்தேன். முடித்தேன். நூலை அறுத்து, குல்லாவைப் பாப்பாவுக்கு மாட்டி அளவு பார்த்தேன். ஒட்டிப் பிடித்த மாதிரி உட்கார்ந்தது. ஒரு முடி வெளியே தெரியவில்லை. அவ்வளவு பொருத்தம். திருத்தணி அம்மா மடியில் அவள் ராணி மாதிரி உட்கார்ந்திருக்க, நான் நாலடி பின்னால் போய் நின்று என் வேலையை நானே ரசித்தேன்.

தூரத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியின் மடியில், தலை முழுக்கச் சந்தனம் பூசின மொட்டைக் குழந்தை.

ஒரு பக்கம் படிவழியாக ரேணுகா வந்தாள், பின்னால் மாமியார். (அந்த முழங்கால் அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.) இன்னொரு பக்கம் வேனை நிறுத்திவிட்டு முனிரத்னம் வந்தார், கையில் பட்டுப்பாவாடையும் கம்மல் டப்பாவும். மூன்று பேரும் ஒரே சமயத்தில் பார்த்தார்கள், ஒரே சமயத்தில் நின்றார்கள்.

முனிரத்னம் கம்மல் டப்பாவைச் சட்டைப்பையில் போட்டார். "நாக்கு இக்கட ஏம் பனி?" எனக்கு இங்கே என்ன வேலை என்று சொல்லிவிட்டு வேனைப் பார்க்கத் திரும்பினார்.

மாமியார் நேராகத் திருத்தணி அம்மாவிடம் போனாள். "யாரும்மா நீ? எங்கருந்து வந்த பின்னி நீ?"

அந்த அம்மா பயந்துபோய் என்னைக் கைகாட்டினார். "பின்னி நானில்ல தாயி. இவருதான் வந்ததுலருந்து பின்னிக்கினே கீறாரு."

ரேணுகா மஞ்சள் கையோடு பாய்ந்து குழந்தையைத் தூக்கினாள். தலையைத் தடவினாள். தடவிய கை நின்றது. விரலால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். குல்லா கையோடு வந்தது. உள்ளேயிருந்து பாப்பாவின் கருகருவென்ற சுருட்டை முடி, அமுக்கி வைத்த பஞ்சு மாதிரி எழும்பி நின்றது.

பாப்பா மாமன் பக்கம் கையை நீட்டி "ங்கா" என்றாள்.

முதலில் சிரித்தது மாமியார்தான். படியில் உட்கார்ந்துவிட்டாள், எழுப்பவே முடியவில்லை. சிரித்துக்கொண்டே அவள் போனில் கேட்டதையும் நான் சொன்னதையும் சேர்த்துச் சொல்லச் சொல்ல, திருத்தணி அம்மா காவல் காத்த மூட்டைகள் மேலேயே சாய்ந்துவிட்டார். ரேணுகா சிரிக்கவில்லை. குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய ஐந்து விரலும் மஞ்சளாக அதில் பதிந்திருந்தன.

"ஊசி எடுத்துக்கினு வந்தீங்க" என்றாள்.

"ஆமா."

"புள்ளைய வேற ஆளுகிட்ட குடுத்தீங்க."

"கடைசி வரிசை ரேணு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூட்டை உல்லனும் பழைய பேப்பர்காரன் வண்டியில் ஏறிப் போவதை என் கண்ணால் பார்த்தேன்.

முனிரத்னத்தைச் சமாதானப்படுத்திக் காரில் ஏற்றினோம். ஏறினாரே தவிர ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மலைக்குப் போகும் வழியில் பையைச் சோதித்த காவலர் சைக்கிள் கம்பி இரண்டையும் வெளியே எடுத்தார். "இதேமிட்டி?" இது என்ன என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முனிரத்னம் சொன்னார். "மா பின்னிதி." எங்கள் சித்தியுடையது.

சொல்லும்போது அவர் முகம் கல் மாதிரி இருந்தது. காவலர் அந்தச் சித்தியை எங்கே என்று தேடிவிட்டுக் கம்பியைப் பையிலேயே போட்டார். காருக்குள் மாமியார் மறுபடியும் புரண்டாள். முனிரத்னத்தின் மீசை ஓரம் லேசாகத் துடித்ததை நான் கண்ணாடியில் பார்த்துவிட்டேன். பாதி உயிர் வந்தது.

மொட்டை போடும் இடத்தில் பாப்பா மாமன் மடியில்தான் உட்கார்ந்தாள். தலையில் தண்ணீர் பட்டதும் ஆரம்பித்தாளே ஒரு அழுகை. முனிரத்னம் வேன் சாவியை ஆட்டினார். மாமியார் கைதட்டினாள். பிஸ்கட் கொடுத்தோம், துப்பினாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டி வெட்டித் திருப்பினாள். முடி எடுப்பவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இப்டி ஆட்னா கத்தி பட்டுடும். சமாதானம் பண்ணிக்கினு வாங்க." பின்னால் காத்திருந்த ஜனங்கள் முணுமுணுத்தார்கள்.

ரேணுகா என்னைப் பார்த்தாள். "அந்தக் கம்பி எங்க?"

"எந்தக் கம்பி?"

"நடிக்காதீங்க. எடுங்க."

எடுத்தேன். மீதி இருந்த நூலில் கண்ணி ஏற்றி, பாப்பாவுக்கு எதிரில் ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தேன். கம்பியோடு கம்பி உரசுகிற அந்த 'டிக் டிக்' சத்தம் வந்ததும் அழுகை நின்றது. பிறந்த நாளிலிருந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் அவள் கேட்ட தாலாட்டு அது ஒன்றுதான். வாயைத் திறந்தபடி என் கையையே பார்த்தாள். தலை சிலை மாதிரி நின்றது. கத்தி இறங்கியது, சுருட்டை முடி மாமன் வேட்டியில் விழுந்தது.

பாதித் தலை ஆகியிருக்கும். என் கை வலித்துக் கொஞ்சம் நிறுத்தினேன். பாப்பாவின் உதடு பிதுங்கியது.

"நிறுத்தாதீங்க" என்றாள் ரேணுகா. பிறகு, ஒரு நாளும் அவள் வாயில் வரும் என்று நான் நினைக்காததைச் சொன்னாள். "இந்த வரிசை முடியட்டும்."

மொட்டை முடிந்து, நிஜச் சந்தனம் பூசி, அது காய்ந்த பிறகு சந்தனக் குல்லாவை அவளே மாட்டினாள். மஞ்சள் விரல் ஐந்தும் முன்நெற்றிக்கு மேலே வந்தன. அந்தக் கறை எத்தனை துவைத்தும் போகவில்லை, போக வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன். வீடு திரும்பியதும் சாவியைத் தாலிக்கயிற்றிலிருந்து அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தாள். "அடுத்த வாரம் நான் விட்ட படியிலருந்து ஏறணும். பாப்பா உங்ககிட்டதான்" என்றாள். தமிழில் சொன்னாள்.

மாமியார் கூடவே ஒன்று சேர்த்தாள். "தெலுங்குல பின்றத அல்லடம்னு சொல்லுவோம். அல்லுடு அல்லாம வேற யாரு அல்லுவா?"

அன்றிலிருந்து ரேணுகாவின் வீட்டில் எனக்குப் பின்னி என்றுதான் பெயர். விசேஷங்களில் யாராவது ஒருவர் "பாப்ப ஏதி?" என்று ஆரம்பித்தால், பந்தி முழுக்க "பின்னிகி இச்சேன்" என்று பதில் வரும். பாப்பா இப்போது எட்டாம் வகுப்பு. தோழிகளிடம் என்னை "எங்க பின்னி" என்று அறிமுகம் செய்கிறாள். பாவம், அந்தப் பிள்ளைகள் என் மீசையைப் பார்த்துக் குழம்புகிறார்கள்.

போன வருஷம் முனிரத்னம் மகளுக்குக் கல்யாணம். மணமேடையில் பெண்ணின் சொந்தக்காரப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் புடவை வைத்துக் கொடுத்தார்கள். அத்தை வந்தாள், பெரியம்மா வந்தாள். பிறகு முனிரத்னமே மைக்கை வாங்கி, "பின்னி ராவாலி" என்று அழைத்தார். மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. வேட்டி சரசரக்க மேடை ஏறினேன். தாம்பாளத்தில் அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவை, மேலே ரவிக்கைத்துண்டு, பூ, மஞ்சள் கிழங்கு. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். என்னை விடப் பெரிய லாரி ஓனர்கள் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவனுக்காவது மச்சான் பட்டுப்புடவை எடுத்திருப்பானா, கேட்டுப் பாருங்கள்.

புடவை இப்போது அதே பீரோவில் இருக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது. ரேணுகாவுக்கு அதன் மேல் ஒரு கண். விசேஷத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் வந்து நின்று, "ஏமண்டி, உங்க புடவைய கொஞ்சம் குடுங்க, கட்டிக்கினு குடுத்துடறேன்" என்பாள்.

நான் தலையைத் தூக்க மாட்டேன். "இந்த வரிசை முடியட்டும்."